தரகர் எழுந்து போனால் நிறுவனத்தில் என்ன மிஞ்சும்?

அலுவலகக் கட்டடம், கிடங்கு, கடை வளாகம் இவற்றை வாடகைக்கு விட்டும் விற்றும் தரும் தரகு நிறுவனத்தை நடத்துவது தனி ரகமான வேலை. அங்கே சரக்கு கிடையாது, ஆலை கிடையாது. கட்டடம் ஒருவருடையது, அதில் குடியேறப்போகும் கம்பெனி இன்னொருவருடையது. இருவரையும் சேர்த்துவைக்கும் தரகரின் அறிமுகங்களும், அவர் சொல்லை அந்த இருவரும் நம்புவதும்தான் தொழிலின் முதல். அந்த முதல் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதே இல்லை. நாளைக்கே எதிர்க் கம்பெனி கூடுதல் பங்கு தருகிறேன் என்று கூப்பிட்டால் தரகர் எழுந்து போவார். பத்து வருடமாக அவரிடம் பழகிய வாடிக்கையாளரும் அவர் பின்னாலேயே போவார். பெயர்ப்பலகையும் வாடகை பாக்கியும்தான் மிஞ்சும்.

வளர்ச்சி, மாற்றம், தலைமை என்று இந்தத் துறையில் எதைப் பேசினாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்க வேண்டும். தரகர் தன்னோடு தூக்கிக்கொண்டு போகமுடியாத ஏதாவது ஒன்றை நிறுவனத்துக்குள் கட்டியெழுப்ப முடிகிறதா? அதைக் கட்டுவதற்கான காசு அதே தரகர்களின் கமிஷனிலிருந்துதான் வருகிறது என்பதை மறக்காமல் அதைச் செய்ய முடிகிறதா? என் பார்வையில் இந்த இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள்தான் தாக்குப்பிடித்திருக்கிறார்கள். உலகின் மிகப்பெரிய வணிக மனைத் தரகு நிறுவனமான சிபிஆர்இ-யின் கதையை வைத்து இதைப் பார்க்கலாம். அதற்குமுன் காசு எப்படிப் பிரிகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

ஒரு கமிஷன் எப்படிப் பிரிகிறது

நம்மூரில் அலுவலக இடத்துக்கு ஒரு மாத வாடகை, இரண்டு மாத வாடகை என்று கமிஷன் பேசிமுடிப்பார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் குத்தகைக் காலம் முழுவதற்குமான வாடகையில் இத்தனை சதவீதம் என்று கணக்கு. எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 10,000 சதுர அடி, சதுர அடிக்கு வருடம் 40 டாலர், 10 வருடக் குத்தகை. மொத்த வாடகை 40 லட்சம் டாலர். கமிஷன் 6 சதவீதம் என்றால் 2,40,000 டாலர். இதைக் கட்டட உரிமையாளர்தான் கொடுக்கிறார். ஆனால் இரண்டு தரப்புத் தரகர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். உரிமையாளரின் தரகருக்கு 2 சதவீதம், வாடகைக்கு வருபவரின் தரகருக்கு 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பின்னவரின் நிறுவனத்துக்கு 1,60,000 டாலர் வருகிறது. பாதி கையெழுத்தானதும், பாதி குடியேறியதும் கிடைப்பது வழக்கம்.

இப்போது அந்த 1,60,000 டாலரை நிறுவனமும் தரகரும் பிரித்துக்கொள்ள வேண்டும். சரிபாதி என்றால் நிறுவனத்துக்கு 80,000. மீதி 80,000 டாலரைத் தரகரின் குழு பிரித்துக்கொள்ளும். பார்ட்டியைக் கொண்டுவந்த மூத்தவருக்குப் பெரும்பங்கு, இடம் காட்டி, கணக்குப் போட்டு, நாயாய் அலைந்த இளையவருக்கு மீதி. தரகர் அந்த வருடம் சம்பாதித்துக் கொடுத்த மொத்தத் தொகை கூடக் கூட அவருடைய பங்கும் 55, 60 என்று ஏறும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. ஜனவரி 1 ஆனால் மறுபடி முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

நிறுவனத்துக்கு வந்த 80,000 டாலர் லாபம் அல்ல. அலுவலக வாடகை, ஆராய்ச்சிப் பிரிவு, வரைபடம் போடுபவர்கள், வழக்கறிஞர், காப்பீடு, விளம்பரம், தகவல் தளங்களுக்கான சந்தா எல்லாம் அதில்தான் போக வேண்டும். சந்தை நன்றாக ஓடும் வருடத்தில் தரகர் இதைக் கண்டுகொள்ள மாட்டார். சந்தை படுத்த வருடத்தில்தான் "என் உழைப்பில் பாதியை எதற்கு உங்களுக்குக் கொடுக்கிறேன்?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். இதற்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாத தலைவரால் அந்த நாற்காலியில் நிலைக்க முடியாது.

பூகம்பத்துக்குப் பிந்தைய ஊரில்

1906 ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோவைப் பூகம்பம் உலுக்கியது. அதைத் தொடர்ந்து பரவிய தீ நகரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. வீட்டையும் கடையையும் இழந்தவர்களிடம் மனையை அடிமாட்டு விலைக்கு வாங்கி, கைமாற்றி லாபம் பார்த்த தரகர்கள் அன்று நிறையப் பேர். இதைப் பிடிக்காத இளைஞர் கோல்பர்ட் கோல்ட்வெல், அதே வருடம் இரண்டு கூட்டாளிகளோடு தரகு நிறுவனம் தொடங்கினார். பின்னாளில் சிபிஆர்இ ஆனது அதுதான். கட்சிக்காரரின் சொத்தைத் தரகர் தனக்கென்று வாங்கி விற்பதில்லை, அவருக்காக வேலைசெய்து கமிஷன் மட்டும் வாங்குவது என்பது அவருடைய கொள்கை. 1913இல் பெஞ்சமின் ஆர்தர் பாங்கர் விற்பனையாளராகச் சேர்ந்து, மறுவருடமே கூட்டாளி ஆனார். கோல்ட்வெல் பாங்கர் என்ற பெயர் அப்படி வந்தது.

நிறுவனத்தின் பெயருக்காகவே வாடிக்கையாளர் தேடி வர வேண்டுமானால், எந்தத் தரகரிடம் போனாலும் ஒரே மாதிரி நேர்மை கிடைக்கும் என்ற உத்தரவாதம் வேண்டும். தனி ஆளின் நேர்மை அந்த ஆளோடு போய்விடும். எல்லோருக்கும் பொதுவான விதியாக்கினால் அது நிறுவனத்தின் சொத்தாகிவிடும். தரகர் தூக்கிக்கொண்டு போகமுடியாத முதல் பொருள் இங்கே இதுதான்.

அப்புறம் நிறுவனம் பல கை மாறியது. 1968இல் பங்குச் சந்தைக்கு வந்தது. 1981இல் சியர்ஸ் என்ற மாபெரும் சில்லறை வணிக நிறுவனம் வாங்கியது. அதே வருடம் டீன் விட்டர் என்ற பங்குத் தரகு நிறுவனத்தையும் அது வாங்கியது. துணிமணி வாங்க வரும் குடும்பம் வீட்டையும் பங்கையும் சேர்த்து வாங்கும் என்பது கணக்கு. வீட்டு மனைக்கு அந்தக் கணக்கு ஓரளவுக்காவது பொருந்தலாம். நாற்பது மாடிக் கட்டடத்தை விற்கும் தரகருக்கும் சியர்ஸ் கடைக்கும் என்ன தொடர்பு? 1989இல் கார்லைல் என்ற முதலீட்டு நிறுவனமும் மேலாண்மைக் குழுவும் சேர்ந்து வணிகக் கட்டடப் பிரிவை மட்டும் பிரித்து வாங்கின. அமெரிக்க வணிக மனைச் சந்தை அடியோடு சரிந்த காலம் அது. சேமிப்பு வங்கிகள் வரிசையாகத் திவாலாகிக்கொண்டிருந்தன. வாங்கிய கடனைத் தலையில் வைத்துக்கொண்டே அந்தச் சரிவைக் கடக்க வேண்டியிருந்தது.

ஒன்று கவனியுங்கள். கோல்ட்வெல் பாங்கர் என்ற புகழ்பெற்ற பெயர் வீட்டு மனைப் பிரிவோடு போய்விட்டது. வணிகப் பிரிவு 1991இல் சிபி கமர்ஷியல் என்று புதுப் பெயரில் நடக்கத் தொடங்கியது. எண்பது வருடப் பெயரை இழந்தும் அது விழவில்லை. விதிகளும் ஆட்களும் கிளைகளும் அப்படியே இருந்தன.

1996இல் மறுபடி பங்குச் சந்தை. அதற்குப் பின் வாங்கும் வேட்டை. 1997இல் கோல் என்ற மனைச் சேவை நிறுவனம், 1998இல் இங்கிலாந்துக்கு வெளியே இருந்த ரிச்சர்ட் எல்லிஸ் கிளைகள். லண்டனில் 1773இலிருந்து வேர்பிடித்த பெயர் அது. சிபி ரிச்சர்ட் எல்லிஸ் என்று பெயர் மாறியது. இங்கிலாந்தில் இருந்த ரிச்சர்ட் எல்லிஸை அதே வருடம் இன்சிக்னியா என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம் வாங்கிவிட்டது. ஐந்து வருடம் ஒரே பெயர் இரண்டு எதிரிகளிடம் இருந்தது. 2003இல் இன்சிக்னியாவையே வாங்கி அதை முடித்துவைத்தார்கள். இதற்கிடையில் 2001இல் ப்ளம் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனம் பங்குச் சந்தையிலிருந்து விலக்கித் தனியார் கைக்குக் கொண்டுபோனது. 2004இல் திரும்பவும் சந்தைக்கு வந்தார்கள்.

ஆளை வாங்குவது எப்படி

தரகு நிறுவனம் ஒன்று இன்னொன்றை வாங்கும்போது உண்மையில் எதை வாங்குகிறது? மனிதர்களை வாங்க முடியாது. அவர்கள் இருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பைத்தான் வாங்கலாம். எனவே இந்தத் துறையின் ஒப்பந்தங்களில் மொத்த விலையைவிட அதை எப்போது கொடுக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

டல்லாஸ் நகரின் ஸ்டாபேக் கம்பெனி இதற்கு நல்ல பாடம். டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் நட்சத்திரமான ரோஜர் ஸ்டாபேக் 1977இல் தொடங்கியது. கட்டட உரிமையாளர் பக்கம் நிற்பதில்லை, வாடகைக்கு வரும் கம்பெனிகளுக்காக மட்டுமே பேசுவோம் என்பது அதன் அடையாளம். ஒரே தரகு நிறுவனம் இரு பக்கமும் நின்றால் வாடகைக்கு வருபவருக்கு யார் பேசுவது என்ற கேள்வியை வைத்தே அது வளர்ந்தது. 2008 ஜூலையில் சிபிஆர்இ-யின் போட்டியாளரான ஜேஎல்எல் நிறுவனம் 61.3 கோடி டாலருக்கு அதை வாங்கியது. பெரும்பகுதி உடனே கொடுக்கப்படவில்லை, பின்வரும் வருடங்களில் தவணையாக வந்தது. இரண்டே மாதத்தில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது. முழுத் தொகையையும் கையில் கொடுத்திருந்தால் ஜேஎல்எல்லின் கதி என்னவாகியிருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். தவணை முறை வாங்கியவரின் கழுத்தைக் காத்தது, விற்றவரின் ஆட்களையும் இருக்கவைத்தது. ஸ்டாபேக்கே புதிய நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவில் தலைமைப் பொறுப்பேற்றுத் தொடர்ந்தார்.

நேர் எதிரான கதை கிரப் அண்ட் எல்லிஸ். 1958இல் கலிபோர்னியாவில் தொடங்கி, ஒரு காலத்தில் சிபிஆர்இ-க்குச் சமமாகப் பேசப்பட்ட பெயர். 2007 டிசம்பரில் என்என்என் ரியல்ட்டி அட்வைசர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தோடு இணைந்தது. தரகர்களின் வீட்டுக்குள் முதலீட்டுத் திட்டங்களை விற்கும் தொழில் வந்து உட்கார்ந்தது. அடுத்த வருடமே சந்தை நொறுங்கியது. தலைமை மாறிக்கொண்டே இருந்தது, நல்ல தரகர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். 2012 பிப்ரவரியில் திவால் மனு போட்டார்கள். பிஜிசி பார்ட்னர்ஸ் என்ற நிதித் தரகு நிறுவனம் அதை வாங்கி, முந்தைய வருடம் தான் வாங்கியிருந்த நியூமார்க் என்ற மனைத் தரகு நிறுவனத்தோடு சேர்த்துக்கொண்டது.

திவாலானால் தரகருக்கு என்ன ஆகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. கமிஷன் இரண்டு தவணையாக வரும் என்று மேலே சொன்னேன் அல்லவா? முடித்த டீலுக்கான இரண்டாவது தவணை நிறுவனத்தின் கணக்குக்குத்தான் வரும். நிறுவனம் திவாலாகிவிட்டால், அதில் தன் பங்குக்காகக் காத்திருக்கும் தரகர் அடமானம் இல்லாத கடன்காரர்களின் வரிசையில் நிற்க வேண்டியதுதான். நிறுவனத்தின் பண நிலைமை நமக்கெதற்கு, நம் டீல் நமக்கு என்று இருக்கும் தரகர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தலைவர்களும் தங்கள் கணக்கை ஒளிக்காமல் தரகர்களுக்குக் காட்டினால் வதந்தியால் ஆட்கள் கிளம்புவது குறையும்.

தனித் தரகரையோ ஒரு குழுவையோ இழுப்பதற்கும் ஒரு தந்திரம் உண்டு. கையெழுத்துப் போட்டதும் பெரிய தொகையைக் கடனாகக் கொடுப்பார்கள். ஐந்து வருடம், ஏழு வருடம் என்று இருந்தால் வருடாவருடம் கடனில் ஒரு பங்கு தள்ளுபடி. நடுவில் போனால் மீதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். நியூமார்க் போன்ற நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் ஊழியர்களுக்குக் கொடுத்த கடன் என்று தனி வரியே இருக்கும். இதில் எனக்குப் பெரிய உடன்பாடு இல்லை. பணத்தால் வந்தவர் அதே காரணத்துக்காக, தள்ளுபடி முடிந்த மறுநாள், அடுத்த கம்பெனியின் கடனை வாங்கிக்கொண்டு போவார். இருந்தவர்களுக்கோ, இத்தனை வருடம் விசுவாசமாக இருந்ததற்கு நமக்கு ஒன்றும் இல்லையா என்ற எரிச்சல் மிஞ்சும்.

2008 கற்றுக்கொடுத்தது

2005இல் பிரெட் ஒயிட் சிபிஆர்இ-யின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். தரகராகத் தொடங்கி மேலே வந்தவர். அவர் செய்த பெரிய காரியம், 2006 டிசம்பரில் டிராமெல் க்ரோ நிறுவனத்தை 220 கோடி டாலருக்கு வாங்கியது. டிராமெல் க்ரோவிடம் தரகர்கள் இருந்தார்கள்தான், அதைவிட முக்கியமாகப் பெரிய கம்பெனிகளின் கட்டடங்களைப் பராமரிக்கும் ஒப்பந்தங்கள் இருந்தன. வங்கியோ மருத்துவமனையோ தன் நூற்றுக்கணக்கான கட்டடங்களின் குத்தகைக் கணக்கு, ஏசி, மின்தூக்கி, துப்புரவு, பழுது பார்ப்பு எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் பல வருடங்களுக்கு ஒப்படைப்பது. லாப விகிதம் குறைவு. ஆனால் மாதாமாதம் பணம் வரும், சந்தை ஏறினாலும் இறங்கினாலும்.

வாங்கிய நேரம் சரியில்லை. சிபிஆர்இ-யின் வருவாய் 2007இல் சுமார் 603 கோடி டாலர். 2009இல் அது சுமார் 417 கோடி. 2008இல் மட்டும் நிகர நஷ்டம் சுமார் 100 கோடி டாலர். பெரும்பகுதி, வாங்கிய நிறுவனங்களின் மதிப்பைக் கணக்கில் குறைத்து எழுதியதால் வந்தது. 2007இல் 40 டாலரைத் தொட்ட பங்கு 2009 மார்ச்சில் 3 டாலருக்கும் கீழே போனது. கடன் கொடுத்தவர்களிடம் நிபந்தனைகளை மாற்றிக் கேட்டார்கள், 4 டாலருக்கும் குறைவான விலைக்குப் புதுப் பங்குகளை விற்றுக் காசு திரட்டினார்கள்.

அந்த இரண்டு வருடங்களில் விற்பனைக் கமிஷன் கிட்டத்தட்ட வற்றிவிட்டது. யாரும் கட்டடம் வாங்கவில்லை, வாங்க நினைத்தவருக்கு வங்கி கடன் கொடுக்கவில்லை. ஆனால் வங்கியின் கட்டடத்தில் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கும் பணம் வந்துகொண்டுதான் இருந்தது. சொல்லப்போனால், செலவைக் குறைக்கத் துடித்த கம்பெனிகள் அந்த வேலைகளை வெளியே ஒப்படைக்க இன்னும் வேகமாக முன்வந்தன.

2012 கடைசியில் ஒயிட் விலகி, டிராமெல் க்ரோ வழியாக வந்த பாப் சுலென்டிக் தலைமைக்கு வந்தார். வாங்கப்பட்ட நிறுவனத்தின் ஆள் வாங்கிய நிறுவனத்தின் தலைவராவது சாதாரண விஷயம் இல்லை. டிராமெல் க்ரோவிலிருந்து வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு இந்த நியமனம் எதைச் சொல்லியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. ஒயிட் பிற்பாடு எதிர்முகாமுக்குப் போய், 2015இல் டிடிஇசட் நிறுவனமும் குஷ்மன் அண்ட் வேக்ஃபீல்டும் இணைந்தபோது அதன் தலைவரானார். இந்தத் தொழிலில் எழுந்து போகிறவர்கள் தரகர்கள் மட்டும் இல்லை.

சுலென்டிக் போன வழி தெளிவானது. 2015இல் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் நிறுவனத்தின் கட்டடப் பராமரிப்புப் பிரிவை 147.5 கோடி டாலருக்கு வாங்கினார். 2021இல் கட்டுமானத் திட்டங்களை மேற்பார்வை செய்யும் டர்னர் அண்ட் டவுன்சென்ட் நிறுவனத்தில் 60 சதவீதம். 2025 தொடக்கத்தில் பகிர்வு அலுவலகம் நடத்தும் இன்டஸ்ட்ரியஸ் முழுமையாகக் கைக்கு வந்தது. 2024இல் மொத்த வருவாய் சுமார் 3,580 கோடி டாலர். இந்த எண்ணைப் படிக்கும்போது கவனம் தேவை. பராமரிப்பு ஒப்பந்தங்களில் வாடிக்கையாளரின் செலவையும் இவர்களே கட்டித் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். அதுவும் வருவாயில் சேருகிறது. அப்படியே இவர்கள் கைவழியாகப் போய்விடும் காசு அதில் கணிசம்.

2022 மார்ச்சிலிருந்து அமெரிக்க மைய வங்கி வட்டியைப் பூஜ்யத்துக்கு அருகிலிருந்து ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏற்றியபோது இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை வந்தது. 2023இல் அமெரிக்காவில் வணிகக் கட்டட விற்பனை முந்தைய வருடத்தில் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கியது. கோவிட்டுக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை என்ற பழக்கம் நிலைத்ததால் அலுவலக இடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் காலியாகக் கிடந்தது. 2009இன் பாதாளம் மட்டும் திரும்ப வரவில்லை. நிறுவனத்தின் மொத்த வருவாய் அந்த வருடமும் கூடியது. தரகுப் பிரிவு அடிவாங்கியது, மற்றவை தாங்கிப்பிடித்தன.

தரகர்கள் என்ன நினைக்கிறார்கள்

முதலீட்டாளருக்கு இது நல்ல கதை. தரகரின் இடத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் நிறுவனம் என்றால் அவர்தான். இப்போது பெரிய நிறுவனத்தில் அவர் ஒரு பிரிவு. காலாண்டு அறிக்கையில் ஏற்ற இறக்கம் உள்ள தொழில் என்று தன் வேலையை ஓரம்கட்டிப் பேசுவதைக் கேட்கிறார். கட்டடப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பிடிப்பதற்காக, அந்த வாடிக்கையாளரின் குத்தகைக் கமிஷனில் தள்ளுபடி கொடுக்கச் சொல்கிறார்கள். கமிஷன் குறைவது அவர் பையிலிருந்து, ஒப்பந்தம் வருவது இன்னொரு பிரிவின் கணக்கில்.

மாற்றத்தின் நடுவில் தலைவருக்கு இதைவிடக் கடினமான முடிச்சு இல்லை என்று நினைக்கிறேன். அவிழ்ப்பதற்கு ஒரே வழி, பிரிவுகளுக்கு இடையே வேலை கைமாறும்போது அறிமுகம் செய்தவருக்குப் பங்கு என்ன என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது. எழுதாமல் விட்டால் ஒவ்வொரு டீலும் பஞ்சாயத்தில் முடியும். ஒரே வாடிக்கையாளரை இரண்டு தரகர்கள் என்னுடையவர் என்று உரிமை கொண்டாடுவது இந்த அலுவலகங்களில் அன்றாட நிகழ்ச்சி. தீர்த்துவைப்பவரின் பாரபட்சம் ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால், தோற்றவர் மட்டுமல்ல, பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் கையிலுள்ள பெயர்களை மறைத்துவைக்கத் தொடங்குவார்கள்.

பெயர்களை மறைப்பது என்றதும் அடுத்த விஷயம். தரகரின் பழைய மூலதனம் தகவல். எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் யார் இருக்கிறார்கள், குத்தகை எந்த மாதம் முடிகிறது என்பதை மாடி மாடியாக ஏறி, கீழ்த்தளத்தில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்துக் குறித்து, அட்டையில் எழுதிப் பெட்டியில் அடுக்கிவைப்பார்கள். அந்தப் பெட்டிதான் சொத்து. 1980களில் ஆண்ட்ரூ ஃபுளோரன்ஸ் தொடங்கிய கோஸ்டார் நிறுவனம் அந்தப் பெட்டியைச் சந்தாவுக்கு விற்கும் தொழிலாக்கியது. இன்று எந்தத் தரகரும் சந்தா கட்டினால் காலி இடப் பட்டியலைப் பார்க்கலாம். ஆகவே மிஞ்சியிருப்பது பட்டியலில் இல்லாதது. உரிமையாளர் உண்மையில் எந்த வாடகைக்கு இறங்கிவருவார், எத்தனை மாதம் வாடகை இல்லாமல் விடுவார், உள்ளரங்க வேலைக்கு எவ்வளவு கொடுப்பார் என்பவை.

நிறுவனம் இதையெல்லாம் பொதுக் கணினியில் பதியச் சொல்கிறது. தரகர் பதிவதில்லை. பதிந்தாலும் பெயருக்கு இரண்டு வரி. சோம்பேறித்தனம் என்று மேலிடம் நினைக்கும். அது தற்காப்பு. தன்னைத் தவிர்க்கமுடியாதவராக வைத்திருப்பது அந்தக் குறிப்புகள்தான் என்று அவருக்குத் தெரியும். பதியாவிட்டால் கமிஷனை நிறுத்திவைப்போம் என்று மிரட்டுவதால் கிடைப்பது அரைகுறைத் தகவல். பதிந்தவருக்கு உடனே ஏதாவது திரும்பக் கிடைக்க வேண்டும்: இன்னொரு ஊரின் தரகரிடமிருந்து வரும் வேலை, அவருடைய வாடிக்கையாளருக்காக ஆராய்ச்சிப் பிரிவு போட்டுத்தரும் கணக்கு, ஏதோ ஒன்று. கொடுத்து வாங்கும் உறவு இல்லாமல் எந்தக் கணினித் திட்டமும் இங்கே வேரூன்றாது.

கிளைத் தலைவர் தானும் டீல் செய்யலாமா என்பதும் பழைய விவாதம். செய்பவருக்குச் சந்தையின் சூடு தெரியும், தரகர்கள் மதிப்பார்கள். ஆனால் நல்ல பார்ட்டி தொலைபேசியில் வந்தால் யாரிடம் கொடுப்பார்? தன் குழுவுக்குத்தான். சிறு நிறுவனத்தில் வேறு வழியில்லை, உரிமையாளரே பெரிய தரகராக இருப்பார். ஐம்பது, நூறு தரகர்கள் என்று வளர்ந்தபின் கிளைத் தலைவர் சம்பளத்துக்கு வேலை செய்வதுதான் நல்லது. அவருடைய ஊக்கத்தொகை கிளையின் லாபத்தோடு சேர்ந்திருந்தால் போதும்.

சென்னைக்கு வரும்போது

சிபிஆர்இ 1994இல் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன்பும் நம் ஊர்களில் தரகர்களுக்குப் பஞ்சம் இல்லை, தேனாம்பேட்டையிலும் நுங்கம்பாக்கத்திலும் எந்த மாடி காலியாகிறது என்று விரல்நுனியில் வைத்திருந்தவர்கள் உண்டு. 2000இல் டைடல் பார்க் திறந்தபின் தரமணியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் லட்சக்கணக்கான சதுர அடியில் வளாகங்கள் எழுந்தன. இடம் கேட்டு வந்தவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் மையங்கள், அல்லது அவற்றுக்கு வேலைசெய்யும் ஐடி நிறுவனங்கள். நியூயார்க்கிலோ லண்டனிலோ உலகம் முழுவதற்குமான ஒரே ஒப்பந்தத்தை ஒரு கம்பெனி சிபிஆர்இ-யோடோ ஜேஎல்எல்லோடோ போட்டுவிட்டால், பெருங்குடியில் அதற்கு இடம் பார்ப்பதும் அந்த நிறுவனத்தின் சென்னைக் கிளைதான். பகுதியை அங்குலம் அங்குலமாக அறிந்த உள்ளூர்த் தரகர் அந்த அறைக்குள்ளேயே நுழைய முடியாது. அவர் உரிமையாளர் பக்கமோ, சின்னக் கம்பெனிகள் பக்கமோ ஒதுங்க வேண்டியிருக்கிறது. தரகர் தூக்கிக்கொண்டு போகமுடியாத பொருள் என்று மேலே சொன்னதன் முழு வடிவம் இந்த உலக ஒப்பந்தம். அதன் சென்னைத் தரகர் நாளைக்கு வேலையை விட்டாலும் ஒப்பந்தம் அங்கேயே இருக்கும்.

இந்தியாவிலும் ஆட்கள் எழுந்து போகாமல் இல்லை. சிபிஆர்இ அமெரிக்காவில் டிராமெல் க்ரோவை வாங்கியபோது, இங்கே மேக்ராஜ் குழுமத்தோடு கூட்டாக இயங்கிய டிராமெல் க்ரோ மேக்ராஜ் 2007இல் ஜேஎல்எல்லோடு இணைந்தது. அதை வழிநடத்திய அனுஜ் பூரி ஜேஎல்எல் இந்தியாவின் தலைவரானார். பத்து வருடம் கழித்து, 2017இல், அவரே வெளியேறி, ஜேஎல்எல்லின் இந்திய வீட்டு மனைத் தரகுப் பிரிவை வாங்கி அனராக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஜேஎல்எல்லிடம் நிலைத்தது கம்பெனிகளுக்கான அலுவலகத் தொழிலும் பராமரிப்பு ஒப்பந்தங்களும். வாங்குபவர் தரகரின் முகத்தைப் பார்த்தே வரும் வீட்டு விற்பனை பூரியோடு போனது.

இனி தலைவர்களின் முன் இருக்கும் பெரிய வேலை இளையவர்களைப் பற்றியது. தரகுத் தொழிலில் நுழைபவருக்கு முதல் ஒன்றிரண்டு வருடம் சம்பளம் என்று எதுவும் இல்லாமல், பின்னால் வரும் கமிஷனில் கழித்துக்கொள்ளும் முன்பணம் கொடுப்பது அமெரிக்க வழக்கம். ஆறு மாதம் டீல் முடியவில்லை என்றால் கடன் ஏறிக்கொண்டே போகும். வீட்டில் வசதி இருப்பவர்களால்தான் இதைத் தாங்க முடியும். அதனால் மூத்த தரகர்களின் வரிசையைப் பார்த்தால் ஒரே மாதிரி குடும்பங்களிலிருந்து வந்த ஆண்களே நிறைந்திருக்கிறார்கள். அறுபதைத் தாண்டிய தரகர் ஓய்வு பெறும்போது அவருடைய இருபது வாடிக்கையாளர்களை யார் பார்ப்பது? அடுத்தவரை மூன்று நான்கு வருடம் கூடவே அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைத்தால், ஓய்வுக்குப் பிறகும் அந்தக் கணக்குகளின் கமிஷனில் சில வருடம் மூத்தவருக்குப் பங்கு உண்டு என்று எழுதிக்கொடுக்கலாம். இளையவருக்கு முதல் இரண்டு வருடம் திருப்பிக் கேட்காத சம்பளம் தரலாம். இரண்டுக்கும் செலவாகும். அந்தச் செலவு நிறுவனத்தின் ஐம்பது சதவீதத்திலிருந்துதான் வர வேண்டும். பாதியை எதற்குக் கொடுக்கிறோம் என்று கேட்கும் தரகரிடம் தயங்காமல் காட்டக்கூடிய செலவு அது.